வெள்ளைப் பொட்டு வைத்த கார்டு

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் கழிந்து கடை திறந்த முதல் நாளே கம்பெனி ஏஜென்ட் வந்து இரண்டு பொருள் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று, இந்த டைரி. இன்னொன்று, விலைக் குறைப்புக் கடிதம். நவம்பரில் பதினோராயிரத்துக்கு எடுத்து நான் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் கார்டு இன்று முதல் ஊருக்கே ஏழாயிரமாம். “மார்க்கெட்ல போட்டி மேடம், நாங்க என்ன செய்யிறது” என்று பல்லைக் காட்டினார். வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கடிதத்தையே சுருட்டி அவர் வாயில் திணித்திருக்க வேண்டும். காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். தூ, என்ன பிழைப்பு இது!

டைரி புதுசு. அதற்கும் என்னைத் தெரியாது. மங்கையர்க்கரசி, வயது நாற்பத்தேழு. மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடியில் கடை. பதினாறு வருஷமாக ஒரே சரக்கு: கல்யாண வீடியோ எடுக்கிறவர்களின் பெரிய கேமராவுக்குள் போகிற மெமரி கார்டு. செல்போனில் செருகுகிற நகத்தளவு சமாச்சாரம் இல்லை. ஒரு குடும்பத்தின் கல்யாணம் முழுக்க இந்தத் தீப்பெட்டி அளவு கார்டுக்குள்தான் இருக்கும், கணினியில் இறக்கும் வரைக்கும்.

புதுக் கார்டை நான் அப்படியே விற்க மாட்டேன். ஜன்னலோரம் ஸ்டாண்டில் ஒரு பழைய கேமரா நிற்கிறது. அதில் கார்டைப் போட்டுச் சந்தைப் பார்த்துத் திருப்பி, கார்டு நிறையும் மட்டும் ஓட விடுவேன். ரொப்ப இரண்டரை மணி. ரொப்பியதை முதலிலிருந்து கடைசிவரை வேகமாக ஓட்டிப் பார்க்க இன்னொரு மணி. தேறினால் அழித்துவிட்டு, கார்டின் பின்பக்கம் வெள்ளை மையில் ஒரு பொட்டு. நாளுக்கு மூன்று கார்டுதான் ஆகும். அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் தேனியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் பஸ் ஏறி வந்து வாங்குகிறார்கள்.

எதிரே கீழ்க்கடையில் யாரோ பெயின்ட் அடிக்கிறார்கள். சந்தின் நடுவில் சாக்கடைக்குக் குழி தோண்டிவிட்டுப் பொங்கலுக்குப் போனவர்கள் இன்னும் வரவில்லை. நாற்றம் குடலைப் பிடுங்குகிறது.

ஜனவரி 23, வியாழன்

இன்னாசி வந்தான். அனுப்பானடிக்காரன். பதின்மூன்று வருஷமாக என்னிடம்தான் கார்டு வாங்குகிறான். ஒரே கேமரா, ஒரே ஸ்கூட்டர், வாய் மட்டும் ஓயாது. போன வாரம் அவன் மகள் விளையாட்டாக ஒரு காதுகுத்துக் கார்டை அழித்துவிட்டாளாம். அழிந்ததைத் தோண்டி எடுக்கிற மென்பொருளைப் போட்டிருக்கிறான்.

“காதுகுத்தும் வந்துச்சுக்கா, அதுக்கு அடியில உங்க சந்தும் வந்துச்சு! உங்க மாடிக்குக் கீழ பேச்சியம்மா வடை சுடுது, ஒரு ஆடு சினிமா போஸ்டரைத் திங்கிது, நீங்க கீழ எறங்கிப் போயி வடை வாங்கித் திங்கிறீங்க. எம் பொண்டாட்டி கேக்குறா, இது யாரு வீட்டுக் காதுகுத்துன்னு.”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. மேலே புதுசாக எதுவும் பதியாத இடத்தில் பழைய படம் அடியில் கிடக்கும். எவன் தோண்டினாலும் என் சந்து வரும். வரட்டுமே, நல்ல விளம்பரம்தான்.

ஜனவரி 27, திங்கள்

எதிர்க்கடை திறந்தாயிற்று. வாழை மரம், ரேடியோ, நீல பேனர். பேனரில் இருப்பது நடிகர் முகமும் இல்லை சாமி படமும் இல்லை, விலை. ‘128 ஜிபி - ரூ.3,499 மட்டுமே.’ கம்பெனியே ஏழாயிரம் என்கிறான், இவன் அதில் பாதி. மூன்றரை ஆயிரத்துக்கு நல்ல கார்டு கொடுக்க முடியாது. கலப்படச் சரக்கு. இந்தப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன், பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்காரன் பெயர் நவநீதன். முப்பது வயது இருக்கும். தட்டில் கேசரியோடு மாடிக்கே வந்துவிட்டான்.

“அக்கா, நீங்கதேன் இந்த லைன்ல சீனியர். நீங்க வந்து குத்துவெளக்கு ஏத்தணும்.”

“எனக்கு முழங்கால் வலி தம்பி.”

கேசரியில் எசென்ஸ் வாடை. பேச்சியம்மாவின் நாய்க்குப் போட்டேன், அது தின்றுவிட்டது. அதற்கும் மானம் கிடையாது. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம் என்பார்கள். இந்தச் சந்தில் குழி நிஜமாகவே இருக்கிறது.

ஜனவரி 29, புதன்

இன்று ஒரு கார்டும் போகவில்லை. வீட்டில் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது.

ஜனவரி 31, வெள்ளி

மேலூரிலிருந்து ஒரு வீடியோக்காரன். எட்டு வருஷப் பழக்கம். உட்கார்ந்ததும் பையிலிருந்து நாலு கார்டை எடுத்து மேசையில் வைத்தான். எதிர்க்கடை ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“அங்க வெலை கம்மியா இருந்துச்சுக்கா. வாங்கிப்புட்டேன். நீங்க சும்மா ஒரு தடவ ரொப்பிப் பாத்து, ஆளுக்கொரு பொட்டு வெச்சுக் குடுத்துட்டீங்கன்னா நிம்மதியாப் போயிருவேன்.”

பக்கத்து வீட்டில் தின்றுவிட்டு என் வீட்டில் வந்து கை கழுவுகிறான்! “எந்திரி” என்றேன். அவன் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் கார்டைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தான்.

பூ அலங்காரத்துக்கு மட்டும் மூன்று லட்சம் செலவழிக்கிற கல்யாணம். வாசலில் பன்னீர் தெளிக்கிற பொம்மை யானை. அதைப் படம் எடுக்கிற கார்டில் மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறான்கள். நாக்கில் வழவழவென்று ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கிறது நாள் முழுக்க.

பிப்ரவரி 3, திங்கள்

சென்னையிலிருந்து ஒருவன் போன் செய்தான். என் நம்பர் எப்படிக் கிடைத்ததோ. அதே கம்பெனிக் கார்டு, அதே அட்டைப்பெட்டி, 2,200க்குத் தருகிறானாம். பில் மட்டும் கிடையாதாம். “ஊர்ல எல்லாரும் இதத்தாம்மா எடுக்குறாங்க. நீங்க மட்டும் ஏன் கஷ்டப்படுறீங்க?” என்று உருகினான். சீ என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஐம்பது சொல்லியிருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி

பார்சல் மாலை நாலு மணிக்கு வந்தது. பெட்டி, பிளாஸ்டிக் உறை, எழுத்து எல்லாம் அச்சு அசல். எடை மட்டும் கொஞ்சம் குறைவோ என்று தோன்றியது, தோன்றத்தான் செய்யும். ஜன்னலில் அட்டை தொங்கவிட்டேன்: ‘128 - ரூ.2,999. பொட்டு வைத்த கார்டு.’ ஆறரைக்குள் ஐம்பதிலும் பொட்டு வைத்து முடித்தாயிற்று. கை வலிக்கிறது. வெள்ளை மை விரலை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஜன்னல் கேமராவைத் துடைத்து உறை போட்டு வைத்தேன். குழியிலிருந்து கிளம்புகிற தூசி லென்ஸில் படிகிறது. எதற்கு வீணாக.

முதல் ஆளாக இன்னாசி வந்தான். “பத்தாந்தேதி கப்பலூர்ல கல்யாணம்க்கா. பெரிய எடம். லேத் பட்டறை வெச்சிருக்காரு பொண்ணோட அப்பா.” கார்டை எடுத்ததும் பழக்கமாகப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். “ரொப்பியாச்சாக்கா?”

“பொட்டு இருக்குல்ல?” என்றேன்.

“அதுதானே” என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கடை அடைப்பதற்குள் பத்தொன்பது போய்விட்டது.

பிப்ரவரி 8, சனி

இன்று பதினொன்று. எதிர்க்கடையில் ஈ ஓட்டுகிறான். நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து என் மாடிப்படியில் ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தான். வயிறு குளிர்ந்தது. ஆத்தாடி, விலையைக் குறைக்க எனக்கும் தெரியும்டா!

சாயங்காலம் இவர் மில்லிலிருந்து நேராகக் கடைக்கு வந்தார். என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார், பேசினால் ஏடாகூடமாக ஒன்று கேட்பார்.

“என்னா, இன்னைக்கு ஜன்னல் கேமரா ஓடல?”

“தூசி.”

“நேத்தும் ஓடலயே.”

“உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? கிரைண்டர் பெல்ட் வாங்கியாந்தீங்களா?”

வாங்கவில்லை. அதைச் சொல்லி வீடு போகும்வரை வைதுகொண்டே போனேன்.

பிப்ரவரி 10, திங்கள்

முகூர்த்த நாள். விடியற்காலையிலிருந்து ஊர் முழுக்க மேளச் சத்தம். மூன்று பத்திரிகை வந்திருந்தது. ஒன்றுக்கும் போகவில்லை.

பிப்ரவரி 12, புதன்

இன்னாசி வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தான். ஒரு நாளும் கழற்ற மாட்டான்.

“என்னப்பா, காலங்காத்தால?”

“அக்கா, தாலி இல்லக்கா.”

“யாரு தாலி?”

“கப்பலூர்க் கல்யாணத்துல. பொண்ணுக்குப் பூ வெக்கிறது, மாப்பிள்ளை வந்து எறங்குறது, ஒரு அரை மணி நேரம் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. அதுக்கப்புறம் பேரு மட்டும் வரிசையா நிக்கிது, தொட்டாத் தொறக்க மாட்டேங்குது. தாலி கட்டுனது, அம்மி மிதிச்சது, பொண்ணோட அப்பா நின்னு அழுதது, ஒண்ணுமே இல்லக்கா. எடுக்கும்போது கேமரா ஒரு சத்தம் குடுக்கல. செவப்பு லைட் எரிஞ்சுக்கிட்டேதேன் இருந்துச்சு.”

கார்டை மேசையில் வைத்தான். பொட்டு மேலே பார்த்துக் கிடந்தது.

பெண்ணின் அப்பா தவமணி, இன்னாசியின் கேமராவைப் பிடுங்கி வைத்துக்கொண்டாராம், வீடியோ வரும் மட்டும் தர மாட்டாராம். பெண்ணின் அம்மா மண் வாரித் தூற்றினாளாம். தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்லவா முடியும்? மற்றதையெல்லாம் மறுபடி செய்து படம் எடுக்கலாம். கேக்கை இன்னொரு தடவை வெட்டலாம், மாலையை இன்னொரு தடவை மாற்றலாம். தாலியை மட்டும் தொட முடியாது.

“எந் தப்புதேங்க்கா. எப்பவும் முகூர்த்தத்துக்கு முன்னாடி கார்டை மாத்திருவேன். இது பெரிய கார்டு, உங்க பொட்டு வேற இருக்கு, எதுக்கு மாத்தணும்னு விட்டுப்புட்டேன். கேமராவும் பழசு.”

“கேமரா பழசுதான் இன்னாசி” என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பழசுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

மிச்சம் இருக்கிற பதினேழில் ஒன்றை எடுத்தேன். ஜன்னல் கேமராவின் உறையைக் கழற்றினேன். இரண்டரை மணி ரொப்பினேன், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. திரும்ப ஓட்டினால் முப்பத்தெட்டு நிமிஷம் வரைக்கும் பேச்சியம்மா வடை சுடுகிறாள். அதற்கப்புறம் கறுப்பு. மேலே 128 என்று எழுதியிருக்கிறதே தவிர உள்ளே கால்வாசிதான். மிச்சத்தைப் பதிகிற மாதிரி நடித்துவிட்டுக் காற்றில் விட்டுவிடுகிறது.

இன்னொன்று போட்டேன். அதுவும் முப்பத்தெட்டு.

சென்னைக்காரன் போன் அணைந்து கிடக்கிறது. ஐம்பதில் முப்பத்துமூன்று ஊருக்குள் போய்விட்டன. இன்னாசியைத் தவிர யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் பாதிப் பேர் காதுகுத்து, வளைகாப்பு என்று அரை மணி நேரம் எடுக்கிறவர்கள். மீதிப் பேர் அடுத்த முகூர்த்தத்துக்காக வாங்கி உறை பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். அடுத்த முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை, பதினாறாம் தேதி.

மூன்று நாள் இருக்கிறது. ஞாயிறு காலை எத்தனை மண்டபத்தில் எத்தனை தாலியோ.

கீழே போய் இரண்டு வடை வாங்கித் தின்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையிலிருந்து போன். எல்லோரிடமும் ஒரே பேச்சு: “கம்பெனி அந்த லாட்டைத் திருப்பிக் கேக்குது தம்பி. வெலை கூடுன கார்டாவே மாத்திக் குடுக்கச் சொல்லிட்டாய்ங்க. நாளைக்குள்ள வந்துருங்க.” ஒருத்தன்கூடச் சந்தேகப்படவில்லை. “உங்கள மாதிரி யாருக்கா செய்வா” என்று திண்டுக்கல் ஆள் தழுதழுத்தான். என் காதே கூசியது.

மாற்றிக் கொடுக்க முப்பத்திரண்டு வேண்டும். நவம்பரில் பதினோராயிரத்துக்கு எடுத்து, ஒவ்வொன்றாக ரொப்பி, ஓட்டிப் பார்த்து, உண்மையான பொட்டு வைத்து அடுக்கியிருந்ததில் இருபத்தாறு இருக்கிறது. ஆறு குறைகிறது. நல்ல கார்டு ஆறு, நாளைக்குள். மதுரையில் வேறு யாரிடம் இருக்கிறது? கலப்படமோ என்னவோ, ரொப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, குழியின் மேல் போட்டிருக்கும் பலகையில் நடந்து எதிர்க்கடைக்குப் போனேன். நவநீதன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ஆறு கார்டு கேட்டேன்.

“மேல கொண்டு போயி ரொப்பணும்னு அவசியமில்லக்கா. நாங்களே ரொப்பிப் பாத்துத்தேன் குடுக்குறோம்” என்று உள்ளே காட்டினான். செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. பத்து கார்டைச் செருகினால் பத்தையும் ஒரே நேரத்தில் ரொப்பி, சரிபார்த்து, பச்சை விளக்குக் காட்டுமாம். “உங்களப் பாத்துத்தேன் இந்த யோசனையே வந்துச்சு. நான் மொதல்ல கேமரா புடிச்சப்ப வாங்குனது உங்க பொட்டு வெச்ச கார்டு. நூறு நூறா மொத்தமா எடுக்குறதுனால வெலையும் கட்டுபடியாகுதுக்கா.”

அவன் கிண்டல் செய்திருந்தால் தேவலை. கிண்டல் செய்யவில்லை. கலப்படச் சரக்கு என்று எழுதிய ஜனவரி 27ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 15, சனி

முப்பத்திரண்டும் திரும்பி வந்துவிட்டன. கடைசி ஆள் கம்பத்திலிருந்து ராத்திரி பஸ் பிடிக்கிற அவசரத்தில் வந்தான். மிச்சமிருந்த பதினேழோடு சேர்த்து டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நாளைக்கு எந்தத் தாலியும் போகாது.

இன்னாசி போன் செய்தான். நாளைக்குத் தவமணி வீட்டுக்குப் போகிறானாம், நானும் கூட வர வேண்டுமாம். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்கக்கா. பெரிய கடைக்காரம்மா. கேமராவை மட்டும் வாங்கிக் குடுத்துருங்க, நான் பொழச்சுக்குவேன்.”

வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கப்பலூர். மாடி வீடு. வாசலில் கல்யாணப் பந்தலின் மூங்கில் குழிகள் இன்னும் மூடாமல் இருந்தன. கூடத்து அலமாரி மேல் இன்னாசியின் கேமரா, துண்டு போர்த்தி.

தவமணி கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. “நான் அழுதேன்னு எல்லாரும் சொல்றாய்ங்க. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. சரி, வீடியோல பாத்துக்கலாம்னு இருந்தேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏம்மா, நீங்க குடுத்த கார்டு நல்ல கார்டுதானா?” என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் இன்னாசி முந்திக்கொண்டான். “பொட்டு வெச்ச கார்டுய்யா. அக்கா கடைக் கார்டு தப்பாப் போகாது. கோளாறு எங்கிட்டதேன்.”

பெண்ணின் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். டிகாஷன் நல்ல திக்காக இருந்தது.

கேமரா கிடைக்கவில்லை. வழியெல்லாம் இன்னாசி எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

என் கையைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மத்தியானம் இன்னாசி மடிக்கணினியோடு வந்தான். கடைசியாக ஒரு முயற்சி, அந்தத் தோண்டி எடுக்கிற மென்பொருளைப் போட்டுப் பார்க்கிறானாம். கேமராவின் கோளாறாக இருந்தால் தாலி எங்காவது அடியில் மாட்டியிருக்கும் என்கிறான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என் மேசையிலேயே வைத்து ஓட்டினான்.

ஒன்றரை மணி நேரம். காய்ந்த முகத்தோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ வாங்கி வைத்தேன், தொடவில்லை. முதலில் அந்த அரை மணி நேரக் கல்யாணம் வந்தது. பிறகு வெறும் சுழியம், வரிசை வரிசையாக. கடைசிவரைக்கும் சுழியம்.

“தாலி இல்ல” என்றான். அப்புறம் திரையை மேலே கீழே உருட்டினான். மறுபடி உருட்டினான். நெற்றியைச் சுருக்கினான். என்னைப் பார்க்காமலேதான் கேட்டான்.

“சந்து எங்கக்கா?”

ஆறிப்போன டீயை நகர்த்தி வைத்தேன்.

“கல்யாணம் பதியாத எடத்துல உங்க சந்து இருக்கணும்ல? பேச்சியம்மா இருக்கணும்ல? அந்த ஆடு?” இப்போது என்னைப் பார்த்தான். “ரொப்பியிருந்தா வந்திருக்கணுமேக்கா.”

எத்தனையோ சொல்லியிருக்கலாம். கம்பெனி, லாட், சென்னைக்காரன், விலை. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

“ரொப்பல” என்றேன்.

அவன் கார்டைக் கழற்றினான். கணினியை மூடினான். வைவான், மேசையைத் தட்டுவான் என்று காத்திருந்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் திரும்பினான்.

“ஞாயித்துக்கெழம அந்த வீட்ல உக்காந்து காப்பி குடிச்சீங்களேக்கா.”

அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டான்.

பிப்ரவரி 20, வியாழன்

தவமணியின் லேத் பட்டறைக்குத் தனியாகப் போனேன். இரும்புச் சுருள் தரையெல்லாம். அவர் ஒரு துண்டு இரும்பை அளவுகோலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்: கார்டு மலிவுச் சரக்கு, பார்த்து விற்க வேண்டியது என் வேலை, பார்க்காமலே பொட்டு வைத்தேன், இன்னாசி மேல் ஒரு தப்பும் இல்லை, அன்றைக்கு உங்கள் வீட்டில் வைத்தே சொல்லியிருக்க வேண்டும்.

கையில் இருந்த துண்டை அவர் இன்னொரு தடவை அளந்தார். ஒரு பக்கமாக வைத்தார். அடுத்ததை எடுத்து அளந்தார். அங்கே ஒரு கூடை நிறைய அதே துண்டுகள்தான், இருநூறு இருக்கும்.

“எவ்வளவு மிச்சம் ஆச்சும்மா உங்களுக்கு, அந்தக் கார்டுல?”

“எழுநூத்தித் தொண்ணூத்தொம்போது.”

சிரித்தார் என்று சொல்ல முடியாது. “அவன வந்து கேமராவ எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க” என்றார். “நீங்க போங்க.”

ஏதாவது திட்டுவார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். லேத்தை ஓட விட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது.

பிப்ரவரி 21, வெள்ளி

கேமரா கிடைத்துவிட்டதாம். இன்னாசி சொல்லவில்லை. அனுப்பானடியிலிருந்து வந்த வேறொருவன் சொன்னான்.

பிப்ரவரி 22, சனி

டப்பாவில் இருந்த நாற்பத்தொன்பதையும் தரையில் கொட்டி, தின்னரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு பொட்டாக அழித்தேன். பிறகு அம்மிக்குழவியை எடுத்து ஒவ்வொன்றாக உடைத்தேன். இவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “கை நோகும், குடு” என்றார். கொடுக்கவில்லை. ஒரு பொட்டு மட்டும் என்னிடம் இல்லை, அது இன்னாசியிடம் இருக்கிறது.

ஜன்னல் அட்டையை எடுத்துவிட்டேன். இனிமேல் நாளுக்கு மூன்று கார்டு. போனால் போகட்டும், போகாவிட்டால் கடையை மூடிவிட்டு மாவு அரைத்து விற்கிறேன். அதற்கும் பெல்ட் வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

குழியை மூட ஆள் வந்துவிட்டார்கள், ஒரு மாதத்துக்குப் பிறகு. தார் வாடைக்கும் சாக்கடை வாடைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

கம்பெனி ஏஜென்டிடம் புதுசாக மூன்றே மூன்று கார்டு எடுத்தேன். கம்பெனி விலை மறுபடியும் இறங்கிவிட்டது, நாலாயிரத்து ஐந்நூறு. அவர் பல்லைக் காட்டினார், எனக்கு ஆத்திரம்கூட வரவில்லை. முதல் கார்டை ஜன்னல் கேமராவில் போட்டு ஓட விட்டுவிட்டு, கிரைண்டர் பெல்ட் வாங்க விளக்குத்தூண் பக்கம் போனேன். அளவு சரியாகக் கிடைத்தது.

திரும்பி வந்து ரொப்பியதை ஓட்டிப் பார்த்தேன். வேகமாக ஓட்டவில்லை, உள்ளபடி ஓட்டினேன், முதலிலிருந்து. பேச்சியம்மா அடுப்புப் பற்றவைக்கிறாள். தார் வண்டி வருகிறது. நான் கையில் பையோடு சந்தைத் தாண்டிப் போகிறேன். மேலிருந்து பார்த்தால் எனக்கு இவ்வளவு முடி கொட்டியிருப்பது தெரிகிறது.

ஒரு மணி பத்தாவது நிமிஷத்தில் இன்னாசியின் ஸ்கூட்டர் வந்தது. நிறுத்தினான். என் மாடிப்படிக்கு நேரேதான் நிறுத்தினான், பதின்மூன்று வருஷமாக நிறுத்துகிற அதே இடம். இறங்கி, சந்தைக் கடந்து, எதிர்க்கடைக்குள் போனான்.

பதினோரு நிமிஷம் வெறும் கடை வாசல். ஓட்டித் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை, முழுக்கப் பார்ப்பதுதான் முறை.

வெளியே வந்தான். நவநீதன் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான். இன்னாசி ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்று உறையைப் பிரித்தான். புதுக் கார்டைக் கையில் எடுத்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். கொஞ்ச நேரம் அந்த வெறும் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான், வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மிச்சத்தையும் கடைசிவரை ஓட்டினேன். இரண்டரை மணி நேரத்தில் ஒரு இடத்திலும் கறுப்பு இல்லை, எல்லாம் பதிந்திருக்கிறது. நல்ல கார்டு.